ரப்பரத் தொடாதேன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தாராவில 90 அடி ரோடு பக்கம் இருக்கேன். ஞாயித்துக்கிழமைகள்ல நம்ம தமிழ் பிள்ளைங்க பதினஞ்சு பேருக்கு வீட்லயே டிராயிங் சொல்லித்தரேன், எலிமெண்ட்ரி, இண்டர்மீடியட்னு மகாராஷ்டிரா அரசு நடத்துற கிரேடு எக்ஸாம் இருக்குல்ல, அதுக்குத்தான் முக்கியமா. போன வாரம் உங்க மாணவர் பக்கத்துல அந்த எக்ஸாமுக்கு டிப்ஸ் போட்டிருந்தீங்க, எல்லாம் உபயோகமான விஷயம், நானே கட் பண்ணி சுவத்துல ஒட்டினேன். ஆனா அதுல ஒரு வரி மட்டும் என்னால ஏத்துக்க முடியல. ரப்பர் இல்லாம வரையப் பழகணும், ரப்பர் கைல இருந்தாலே தப்பு பண்ணத் தோணும்னு அர்த்தம் வர்ற மாதிரி எழுதியிருந்தீங்க.

அந்த வாரமே என்கிட்ட வர்ற ஏழாவது படிக்கிற பொண்ணு ஒருத்தி பாக்ஸ்லேர்ந்து ரப்பர எடுத்து வீட்ல வச்சிட்டு வந்துட்டா. வந்து உக்காந்து ஒரு சொம்பும் ரெண்டு வாழைப்பழமும் வரையணும், அரை மணி நேரமா பேப்பர்ல கைய வைக்கவே பயப்படறா. வச்சப்புறம் ஒரே கோட்ல முடிக்கணும்னு அழுத்தி அழுத்தி போட்டதுல சொம்போட வாய் கோணிப்போச்சு, அத சரிபண்ண வழியில்லாம அது மேலயே இன்னொரு கோடு, அது மேல இன்னொண்ணு, கடைசில அழுதுட்டா. நல்லா வரையற பொண்ணு சார் அது. ரப்பர் இருக்கு, மாத்திக்கலாம்ங்கற தைரியத்துலதான் பிள்ளைங்க லேசா கோடு போடவே கத்துக்குதுங்க, அந்த லேசான கோடுதான் டிராயிங்ல எல்லாத்துக்கும் அஸ்திவாரம்.

தப்பு ரப்பர்ல இல்ல, எந்த ரப்பர எதுக்கு எடுக்கணும்னு நாம சொல்லிக்குடுக்காததுலதான் இருக்கு. பென்சில் வாங்கும்போது எச்பியா 2பியா 6பியான்னு (பி நம்பர் ஏற ஏற பென்சில் மெத்துனு கருப்பா வரும்) கேட்டு கேட்டு வாங்கறோம், பேப்பர் கார்ட்ரிட்ஜான்னு, அதான் வரையறதுக்குன்னு வர்ற தடி பேப்பரான்னு தடவிப் பாக்கறோம், ரப்பர் மட்டும் கடைக்காரர் எடுத்துக் குடுக்கறத வாங்கிட்டு வந்துடறோம், அதுவும் ஸ்ட்ராபெரி வாசனை வர்றது, ஐஸ்கிரீம் மாதிரி இருக்கறது. பாக்க ஆசையாதான் இருக்கும், ஆனா என்கிட்ட வந்ததுல பாதிக்கு மேல இப்படி பொம்மை மாதிரி கெட்டியா வழவழன்னு இருக்கும், அழிக்காது, கரிய இழுத்துட்டுப்போய் பக்கத்துல பூசிவிடும்.

அதனால ரெண்டு வாரமா பிள்ளைங்களோட உக்காந்து ஒரு டெஸ்ட் பண்ணோம். ஒரே கார்ட்ரிட்ஜ் பேப்பர், அதுல கட்டம் கட்டமா எச்பி, 2பி, 6பி மூணும் ஒரே மாதிரி பூசி, ஒவ்வொரு கட்டத்தையும் ஒவ்வொரு ரப்பரால அழிச்சோம். அப்புறம் மொத்தத்துக்கும் மேல தண்ணியா ஒரு நீலக் கலர் வாட்டர்கலர் ஓட்டினோம். இந்தக் கடைசி வேலைதான் முக்கியம், ஏன்னா அழிச்சது கண்ணுக்கு சுத்தமா தெரியும், ஆனா ரப்பர் பேப்பரோட மேல்தோலப் பிச்சிருந்தா கலர் அந்த இடத்துல கூட உறிஞ்சி திட்டா கருக்கும். பேப்பர் செய்யும்போதே கலர் உள்ள ஊறாம இருக்க பசை சேத்திருப்பாங்க, தேய்ச்சு தேய்ச்சு அத எடுத்துட்டா பேப்பர் ஒத்துத்தாள் மாதிரி ஆயிடும்.

முதல்ல மோசமானத சொல்லிடறேன். ஒரு பக்கம் சிவப்பு ஒரு பக்கம் நீலம்னு ஒரு ரப்பர் வருமே, நாமல்லாம் சின்ன வயசுல நீலப் பக்கம் பேனாவ அழிக்கும்னு நம்பினோம். அது மைய அழிக்கறதில்ல, அதுக்குள்ள மணல் மாதிரி நறநறன்னு ஒரு பொடி இருக்கு, அது மை பட்ட பேப்பரையே சுரண்டி எடுக்குது. எங்க டெஸ்ட்ல அந்த நீலப் பக்கம் தேய்ச்ச கட்டத்துல கலர் ஓட்டினதும் பூனை பிறாண்டின மாதிரி கோடு கோடா வந்துது. டிராயிங் பாக்ஸ்ல அது இருக்கவே கூடாது. பென்சில் தலைல பித்தளை வளையத்துல சொருகி வர்றதும் கிட்டத்தட்ட அப்படித்தான், புதுசா இருக்கும்போது பரவால்ல, பழசானா காஞ்சு கெட்டியாகி பேப்பர்ல ரோஸ் கலர் தீத்தி விட்டுடும். அமெரிக்கால 1858லயே அதுக்கு பேடண்ட் வாங்கினாங்க, 1875ல அந்த ஊர் சுப்ரீம் கோர்ட், ஏற்கனவே இருக்கற ரெண்டு பொருள ஒட்டி வச்சா அது புதுக் கண்டுபிடிப்பு ஆகாதுன்னு அந்த பேடண்ட் செல்லாதுன்னு சொல்லிடுச்சு.

நாம ரப்பர்னு சொல்றோமே, இன்னிக்கு கடைல கிடைக்கற நிறைய ரப்பர்ல ரப்பரே கிடையாது. எங்க அம்மா ஊரு கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரம் பக்கம், ரப்பர் மரத்துல சிரட்டை கட்டி பால் எடுக்கறத சின்ன வயசுல பாத்திருக்கேன், அதனால இது எனக்கு கொஞ்சம் மனசுக்கு நெருக்கமான விஷயம். அந்தப் பாலுக்கு ரப்பர்னு பேரு வந்ததே பென்சில் கோட்ட தேய்ச்சு அழிக்க உதவினதாலதான். 1770ல இங்கிலாந்துல ஜோசப் பிரீஸ்ட்லி, அதான் ஆக்சிஜன் பாடத்துல வர்ற அதே விஞ்ஞானி, ஓவியம் வரையறவங்களுக்கு எழுதின புத்தகத்துல பென்சில் கோட்ட துடைக்க அருமையான பொருள் ஒண்ணு பாத்தேன், அர இஞ்ச் துண்டு மூணு ஷில்லிங்னு குறிப்பிட்டிருக்கார். தேய்க்கறதுக்கு இங்கிலீஷ்ல உள்ள "ரப்"ங்கற வார்த்தைதான் அப்புறம் மரத்துக்கும் செருப்புக்கும் டயருக்கும் பேரா போச்சு. 1839ல சார்லஸ் குட்இயர் கந்தகம் சேத்து சூடாக்கற முறைய கண்டுபிடிச்சதுக்கு அப்புறம்தான் அது வெயிலுக்கு இளகாம, குளிருக்கு உடையாம நின்னுது.

ரப்பர் வர்றதுக்கு முன்னாடி எதால அழிச்சாங்கன்னு பிள்ளைங்க கேட்டுதுங்க. ரொட்டியால. நம்பவே இல்ல. கீழ கடைல பாவ் வாங்கிட்டு வந்து, மேல் தோல உரிச்சிட்டு உள்ள இருக்கற வெள்ளைய உருட்டி சார்கோல், அதான் வரையற கரிக்குச்சியால போட்ட கோட்டு மேல ஒத்தி ஒத்தி எடுத்துக் காட்டினேன், சார்கோல் நிஜமாவே வந்துடுச்சு, எச்பி கோடு பாதிதான் போச்சு. ஆனா வெண்ணெய் தடவின பாவ் கூடாது, எண்ணெய்க் கறை பட்டா அப்புறம் அந்த இடத்துல கலர் நிக்காது.

இப்ப நல்லதுக்கு வரேன். வெள்ளையா சதுரமா அட்டை உறை போட்டு வருமே, "நான்-டஸ்ட்", அதாவது தூள் வராததுன்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கும், ஸ்டெட்லர், டோம்போ மாதிரி வெளிநாட்டு கம்பெனிதும் இருக்கு, நம்ம அப்சரா நட்ராஜும் இருக்கு, பொதுவா இந்த வகை வெள்ளை ரப்பர பிவிசி பிளாஸ்டிக்லதான் செய்வாங்க. பிவிசி பவுடரோட அத இளக வைக்கற எண்ணெய் மாதிரி ஒரு திரவமும் சுண்ணாம்புப் பொடியும் கலந்து சூடுபண்ணி வார்க்கறது. பென்சில் கரி பேப்பரோட நாருக்குள்ள சும்மா ஒட்டிக்கிட்டுதான் இருக்கும், மை மாதிரி ஊறாது, அதனால பேப்பர விட ரப்பர் கூட ஒட்டினா கரி ரப்பர்ட்ட வந்துடும். பிளாஸ்டிக் ரப்பர் தேய்க்கத் தேய்க்க தன்னோட தோலையே உரிச்சுக்கிட்டு கரியோட சுருண்டுடும், ஒவ்வொரு தேய்ப்புக்கும் புது முகம், அதான் கருப்பு திரும்பப் பூசாது. "நான்-டஸ்ட்"னு சொன்னாலும் தூள் வராம இல்ல, தூள் ஒண்ணா சேந்து நூலா திரிஞ்சுக்கும், தட்டினா விழுந்துடும். எச்பி, 2பி ரெண்டுக்கும் இந்த அஞ்சு ரூபா ரப்பர் எங்க டெஸ்ட்ல விலை ஜாஸ்தியானதோட சரிக்கு சரி நின்னுது, கலர் ஓட்டினப்பவும் அந்தக் கட்டத்துல ஒரு திட்டு இல்ல. 6பில மட்டும் வித்தியாசம் தெரிஞ்சுது, மெத்துனு இருந்த ரப்பர் சுத்தமா எடுத்துது, கொஞ்சம் கெட்டியானது சாம்பல் நிழல் விட்டுது.

ஒரு விஷயம், அந்த அட்டை உறைய பிள்ளைங்க முதல் நாளே பிச்சு எறிஞ்சிடுதுங்க. பாக்ஸ்ல ஸ்கேல் மேல ரப்பர் ஒட்டிக்கிட்டு ஸ்கேல்ல பள்ளம் விழுந்து கிடக்கறத எல்லா வீட்லயும் பாத்திருப்பீங்க. வெயில்ல உருகிடுச்சுன்னு திட்டுவோம், ஆனா காரணம் வேற. ரப்பர இளக்க போட்ட அந்த திரவம் மெதுவா வெளிய வந்து ஸ்கேல் பிளாஸ்டிக்கையும் இளக்கிடுது. அந்த உறை ஒரு தடுப்பு, அதோடயே வச்சு அழிக்கணும்.

அடுத்தது சாம்பல் கலர்ல களிமண் மாதிரி பிசையற ரப்பர், புட்டி ரப்பர்னு கேட்டா கிராஃபோர்ட் மார்க்கெட்கிட்ட அப்துல் ரஹ்மான் ஸ்ட்ரீட்ல கிடைக்கும், சின்ன பிளாஸ்டிக் டப்பால வரும். இது தேய்க்கறதுக்கே இல்ல. ஒத்தி எடுக்கணும், காயத்துல பஞ்சு வைக்கற மாதிரி. தூளே வராது, பேப்பர் தோலும் போகாது. அழுத்தின கோட்ட இது முழுசா எடுக்காது, பாதி எடுக்கும், ஆனா அந்தப் பாதிதான் நமக்கு வேணும். சொம்புக்கு 6பில நிழல் போட்டுட்டு இத நுனியா உருட்டி ஒரே ஒரு தடவை ஒத்தினா பித்தளைல வெளிச்சம் பட்ட இடம் பளிச்சுனு வந்துடும். கருப்பு வைக்கறதுக்கு பென்சில், வெளிச்சம் வைக்கறதுக்கு இது, ரெண்டும் வரையற கருவிதான். அன்னிக்கு அழுத அந்தப் பொண்ணு கைல இதக் குடுத்து வாழைப்பழத்து முதுகுல ஒத்தச் சொன்னேன், அவ மூஞ்ச நீங்க பாத்திருக்கணும். அப்புறம் இன்னொரு உபயோகம், கலர் பூசறதுக்கு முன்னாடி இத ஒரு குழவி மாதிரி உருட்டி ஸ்கெட்ச் மேல ஓட்டி விட்டா கோடெல்லாம் ஒரே அளவுக்கு மங்கிடும். வாட்டர்கலர் காஞ்சப்புறம் அடில மாட்டின பென்சில் கோட்ட எடுக்கறது ரொம்ப கஷ்டம், அதனால மங்க வைக்கற வேலைய முன்னாடியே முடிச்சிடணும். இதுக்கு எதிரி நம்ம ஊர் மே மாசம், பிசுபிசுன்னு ஆயிடும், டப்பாவ மூடாம வச்சா முடி தூசி எல்லாம் ஒட்டிக்கும். கழுவ முடியாது, பிசைஞ்சு உள் பக்கத்த வெளிய கொண்டு வரலாம், முழுக்க கருத்துட்டா தூக்கிப் போட வேண்டியதுதான்.

பழுப்பா வெல்லக்கட்டி மாதிரி உதிர்ற கம் ரப்பர்னு ஒண்ணும் இருக்கு, பேப்பருக்கு ரொம்ப சாது, ஆனா தூள் கொட்டும், எக்ஸாம் ஹால்ல ஃபேன் காத்துல பக்கத்து பேப்பருக்கு போயிடும். பிள்ளைங்களுக்கு வேண்டாம்.

லெட்டரிங், அதான் அளவா எழுத்து வரையற விஷயத்த நீங்க டிப்ஸ்ல தொடவே இல்ல, அந்த எக்ஸாம்ல ஜியோமெட்ரி பேப்பரோட லெட்டரிங்கும் வருது. எங்க அப்பா இங்க போர்டு எழுதற பெயிண்டரா இருந்தார், தமிழ், இந்தி, மராத்தி, இங்கிலீஷ் நாலும் எழுதுவார், ஃப்ளெக்ஸ் வந்தப்புறம் வேலை நின்னு போச்சு. அவர் முதல்ல பேப்பர்ல பென்சில்ல அளவெடுத்துதான் எழுத்து போடுவார். மேல் கோடு கீழ் கோடு போடும்போது பென்சில பிடிக்கற மாதிரியே இருக்காது, கைல சும்மா கிடக்கும். பிள்ளைங்க 2எச்ல போட்டா கோடு லேசா இருக்கும்னு நினைச்சு அழுத்திடுதுங்க, கெட்டி பென்சில் பேப்பர்ல வாய்க்கா வெட்டிடும், கரிய எந்த ரப்பரும் எடுத்துடும், வாய்க்காவ ஒரு ரப்பரும் நிரப்பாது, அப்புறம் மை அதுக்குள்ள ஓடி எழுத்தோட ஓரம் பிசிறும்.

எழுத்துக்கு மை போட்டப்புறம் அந்த மேல் கோடு கீழ் கோட்ட, அதான் கைடு லைன அழிக்கறதுலதான் நிறைய பேர் மார்க்க விடறாங்க. மை காஞ்ச மாதிரி மேலுக்கு தெரியும், உள்ள ஈரம் இருக்கும், தேய்ச்சதும் ண்-னோட சுழி எல்லாம் ஒரே இழுப்பா போயிடும். அவசரமே வேண்டாம், பக்கத்து கேள்விய முடிச்சிட்டு வந்து அழிச்சா போதும். நல்லா காஞ்ச இந்தியன் இங்க் மேலயும் கெட்டி ரப்பர் போச்சுன்னா கருப்பு மங்கி சாம்பலாகும், அதுக்கு மெத்து பிளாஸ்டிக் ரப்பர்தான், மை மேல படாம கோட்டுக்கு மட்டும். தமிழ் எழுத்துல இது பெரிய வேலை, இங்கிலீஷ்ல ஓ ஒரே ஓட்டை, நம்ம ண-க்கும் ழ-வுக்கும் உள்ள சின்னச் சின்ன இடம், அங்க சதுர ரப்பர் நுழையாது. அப்பா பிளேடால ரப்பர சாய்வா வெட்டி கத்தி மாதிரி ஒரு முனை வச்சிருப்பார், முனை தேஞ்சா திரும்ப வெட்டுவார். இப்ப பென்சில் மாதிரி அழுத்தினா நீள்ற ரப்பர் வந்திருக்கு, டோம்போல 2.3 மில்லிமீட்டர் உருண்டை முனைல கூட இருக்கு, ழ-வோட வயித்துக்குள்ள போய் அழிச்சிட்டு வருது. அது கை வசமில்லன்னா மெல்லிசு எவர்சில்வர் தகடுல ஓட்டை ஓட்டையா வெட்டி ஒரு ஷீல்டு விக்கறாங்க, பில்டிங் பிளான் வரையறவங்க வச்சிருப்பாங்க, அந்த ஓட்டைய தப்பான இடத்து மேல வச்சு தேய்ச்சா பக்கத்து கோடு பத்திரமா இருக்கும்.

அழிச்ச தூள கையால தள்ளாதீங்கன்னு மட்டும் தயவுசெஞ்சு போடுங்க. மும்பை வேர்வைல கை பட்டாலே பேப்பர்ல எண்ணெய் தடம், அதுல மை பிடிக்காது. ஊதினாலும் எச்சில் துளி விழும். ஒரு பழைய மெத்துனு பிரஷ் போதும். எச்சில்னதும் ஞாபகம் வருது, ரப்பர்ல எச்சி தொட்டு அழிக்கற பழக்கம் இன்னும் பிள்ளைங்ககிட்ட இருக்கு, பென்சில் சீவின தூள பால்ல ஊற வச்சா ரப்பர் ஆகும்னு நாம நம்பின மாதிரி இதுவும் தலைமுறை தலைமுறையா வருது, பேப்பர் ஈரமானா அந்த இடம் பஞ்சாகி கிழிஞ்சிடும். ஜூன் ஜூலைல சும்மாவே பேப்பர் காத்துல இருக்கற ஈரத்த குடிச்சு தொளதொளன்னு ஆயிடுது, பிளாஸ்டிக் கவர்ல மூடி வைக்கணும், அந்த மாசங்கள்ல அழிக்கற கைய பாதி பலத்துல வைக்கணும், ஒரே பக்கமா, முன்னும் பின்னும் இல்லாம.

6பி மாதிரி மெத்து பென்சில எடுக்கறதுக்கு வரிசை ஒண்ணு இருக்கு, அதையும் எழுதிடறேன். முதல்ல புட்டிய ஒத்தி மேல கிடக்கற கரிய எடுத்துடணும், அப்புறம்தான் வெள்ளை ரப்பர். நேரா தேய்ச்சா மேல இருக்கறதெல்லாம் நாருக்குள்ள போய் உக்காந்துக்கும். சொன்னா ரொம்ப சின்ன விஷயம், ஆனா எங்க டெஸ்ட்ல ஒரே 6பி கட்டத்த பாதி அப்படி பாதி இப்படி அழிச்சதுல ரெண்டு பாதியும் ரெண்டு பேப்பர் மாதிரி இருக்கு.

பெத்தவங்க ஒண்ணும் பெருசா செலவு பண்ண வேண்டாம். ஒரு வெள்ளை ரப்பர் உறையோட, ஒரு புட்டி ரப்பர், அந்த வெள்ளைலயே ஒரு துண்டு பிளேடால சாய்வா பெரியவங்க வெட்டிக் குடுத்தது. இத்தன போதும். வாசனை ரப்பர் வேணும்னு கேட்டா வாங்கிக் குடுங்க, பாக்ஸ்ல இருக்கட்டும், பேப்பர்ல வேண்டாம்.

எக்ஸாமுக்கு முன்னாடி வர்ற மாணவர் பக்கத்துல அந்த ஒரு வரிய மாத்திப் போடுங்கன்னு கேட்டுக்கறேன், உங்க பேப்பர்ல வந்தா பிள்ளைங்க வேதவாக்கா எடுத்துக்குதுங்க, நான் பத்து தடவ சொன்னாலும் அச்சுல இருக்கறதுதான் அதுங்களுக்கு உண்மை. எங்க டெஸ்ட் பேப்பர இந்த லெட்டரோட அட்டை வச்சு மடிக்காம அனுப்பியிருக்கேன். ஜன்னல்கிட்ட கொண்டு போய் கொஞ்சம் சாய்ச்சு பாருங்க, மேல இருந்து மூணாவது கட்டம் நீல ரப்பர் தேய்ச்சது, அதுக்குப் பக்கத்துல இருக்கறது அந்தப் பொண்ணு அழிச்ச கட்டம், அங்க பென்சில் இருந்துதான்னே உங்களால சொல்ல முடியாது.

இப்படிக்கு
உங்க வாசகி,
தாராவி, மும்பை – 17